இன்னும் வளர்கிற பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை: பதின்வயதுக் கர்ப்பிணிக்கான சாப்பாட்டு வழிகாட்டி

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமம். முழுகாமல் இருந்த பெண்ணைப் பார்க்க நர்ஸம்மாவோடு போயிருந்தேன். ஐந்து மாதம். வயது பதினேழு. அவள் அம்மாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி, “போன தீபாவளிக்கு எடுத்த சுடிதார் பாப்பாவுக்கு இப்பவும் சரியா இருக்கா?”

சத்து மாத்திரை கொடுக்க வந்தவள் சுடிதாரைப் பற்றி ஏன் விசாரிக்கிறாள் என்று அந்த அம்மா விழித்தார். அப்புறம் உள்ளே போய் எடுத்து வந்தார். மகளின் காலோடு வைத்துப் பார்த்தால் கணுக்காலுக்கு மேல் இரண்டு விரல் ஏறி நின்றது. “துவைச்சுத் துவைச்சு சுருங்கிப்போச்சு” என்றார். மேல் சட்டையும் பக்கத்திலேயே கிடந்தது. அது சுருங்கவில்லை.

துணி சுருங்கவில்லை, பிள்ளை வளர்ந்திருக்கிறாள். பதின்வயதுக் கர்ப்பத்தில் எல்லோரும் மறப்பது இதைத்தான். “ரெண்டு உசுருக்குச் சாப்பிடு” என்று சொல்கிறோம். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அது சரி. இவளுக்கோ வளர்கிற உசுரே இரண்டு. வயிற்றில் இருப்பது ஒன்று, சுமப்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே தட்டு.

கீழே எழுதியிருப்பது அந்தத் தட்டைப் பற்றி. வீட்டில் அம்மாவோ மாமியாரோ அக்காவோ படித்துச் செய்யக்கூடிய மாதிரி எழுதியிருக்கிறேன். டாக்டரைப் பார்ப்பதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் போய்வந்த பிறகு அடுப்படியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்: வயதை மறைக்காதீர்கள்

பெண்ணுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் சட்டம் உள்ளே வரும். கல்யாணமாகியிருந்தாலும் வரும். 2012 போக்சோ சட்டப்படி, அதாவது பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்களைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கிற சட்டப்படி, மருத்துவமனை போலீஸுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். இதற்குப் பயந்து பல வீடுகளில் ஏழு மாதம் வரைக்கும் ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை. போனாலும் “பத்தொன்பது முடிஞ்சிருச்சு” என்று எழுத வைக்கிறார்கள். இந்தப் பொய்யால் அடிபடுவது அந்தப் பிள்ளைதான். இருபது வயதுக்குக் கீழே முதல் கர்ப்பம் என்றாலே அரசுக் கணக்கில் அது ‘ஹை ரிஸ்க்’. கூடுதலாகக் கவனிக்க வேண்டியவள் அவள். வயதைக் கூட்டிச் சொன்னால் அந்தக் கவனிப்பு போய்விடும். தகவல் கொடுக்கிற கடமை இருக்கிறதே என்பதற்காக எந்த மருத்துவமனையும் வைத்தியத்தை மறுக்க முடியாது.

கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பதும் அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு, பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 24 வாரம் வரை சட்டப்படி கலைக்க வழி இருக்கிறது. காப்பாளர் சம்மதம் வேண்டும். கலைக்க வருகிற சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், தகவல் கொடுக்கும்போது அவள் பெயரை டாக்டர் போலீஸுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வற்புறுத்தல் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யார் வேண்டுமானாலும் பேசலாம். நாட்டு மருந்து, எருக்கங்குச்சி என்று யாராவது ஆரம்பித்தால் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சரி, இனி சாப்பாட்டுக்கு வருவோம்.

முதல் படி: மொய் நோட்டை எடுங்கள்

எவ்வளவு வளர்ச்சி மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதற்கு அவள் பிறந்த தேதியைவிட வயசுக்கு வந்த தேதி உதவும். வயசுக்கு வந்த பிறகும் பெண்பிள்ளைகள் பொதுவாக ஐந்து ஆறு சென்டிமீட்டர் உயர்கிறார்கள். இதில் பெரும்பகுதி முதல் இரண்டு வருஷத்திலேயே நடந்துவிடும். உயரம் நின்ற பிறகும் இடுப்பெலும்பு விரிந்துகொண்டுதான் இருக்கும். சின்ன வயதுப் பிரசவம் சிக்கலாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேறு ஊர்களில் இந்தத் தேதியைக் கேட்டால் “ஏழாப்புப் படிக்கையில” என்று குத்துமதிப்பாகத்தான் பதில் வரும். நம் பக்கம் அந்தக் கவலை இல்லை. சடங்கு வைத்திருப்பார்கள், பத்திரிகை அடித்திருப்பார்கள், மொய் எழுதியிருப்பார்கள். நோட்டைப் புரட்டினால் தேதி வந்துவிடும். சடங்கைத் தள்ளி வைத்த வீடு என்றால் அந்த மாதங்களைக் கழித்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து கர்ப்பம் தரித்த நாள் வரை இரண்டு வருஷம் ஆகவில்லை என்றால், பிள்ளை இன்னும் நன்றாக வளர்ந்துகொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொண்டு சாப்பாட்டைக் கூட்டுங்கள். மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தாலும், பதினைந்து பதினாறில் வயசுக்கு வந்த ஒல்லிப் பிள்ளைகள் விஷயத்தில் அசட்டையாக இருக்க வேண்டாம். சாப்பாடு குறைந்த வீடுகளில் வயசுக்கு வருவதும் தள்ளும், வளர்ச்சியும் தள்ளிப்போய்த்தான் முடியும்.

‘கர்ப்பத்தில் எங்கே வளரப் போகிறாள்’ என்று டாக்டர்களே ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். நிறுத்தி வைத்து உயரம் அளந்தால் வளர்ச்சி தெரிவதில்லை என்பதுதான் காரணம். வயிற்றுப் பாரத்தில் முதுகு வளைந்து, முதுகெலும்பு அழுந்தி, உயரம் குறைந்தது போலக்கூடக் காட்டும். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்துக் கேம்டன் நகரில் தெரேசா ஷோல் என்பவரின் குழு இதற்கு ஒரு வழி கண்டது. பெண்களை உட்கார வைத்து, குதிகாலிலிருந்து முட்டி வரை கருவி வைத்து அளந்தார்கள். முட்டிக்குக் கீழே முதுகு வளைவு ஒன்றும் செய்ய முடியாதே! அளந்து பார்த்தால் பதின்வயதுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் வளர்ந்துகொண்டிருந்தார்கள். 1994-ல் வெளிவந்த கட்டுரையில் இன்னொன்றும் சொன்னார்கள். வளர்கிற பிள்ளைகளுக்கு எடை நன்றாகவே கூடியது, ஆனால் அவர்கள் பெற்ற குழந்தைகள் எடை குறைவாக இருந்தன. குறைவு ஏறத்தாழ 150 கிராம். கடைசி மூன்று மாதத்தில் தாயின் உடம்பு சேமித்த கொழுப்பை விட்டுக்கொடுத்துக் குழந்தைக்கு அனுப்ப வேண்டும். இவர்கள் உடம்பு அதைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொண்டது.

அது ஓரளவு சாப்பாடு உள்ள ஊர்க் கதை. வங்கதேசக் கிராமங்களில் பார்த்தபோது கதை வேறு. 2008-ல் வந்த ஆய்வு அது. கர்ப்பமாகாத பிள்ளைகள் உயரமும் சதையும் கூடிக்கொண்டிருந்த அதே காலத்தில், கர்ப்பமாகிப் பால் கொடுத்த பிள்ளைகளுக்கு உயரம் நின்றுபோனது, கைச்சதை கரைந்தது. தட்டில் கொஞ்சம் இருந்தால் தாய் எடுத்துக்கொள்கிறாள், ஒன்றுமே இல்லையென்றால் இருவருக்கும் நட்டம். செல்லம்பட்டி, சேடப்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த இரண்டாவது கதைதான் அதிகம் நினைவுக்கு வரும்.

இரண்டாம் படி: மூன்று அளவுகள், ஒரே நாளில்

எடை, உயரம், கைச் சுற்றளவு. மூன்றையும் முதல் பரிசோதனை நாளிலேயே அட்டையில் எழுத வையுங்கள். நிறைய ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். கூட்டத்தில் உயரம் அளப்பது விட்டுப்போகும், கேட்டு வாங்குங்கள். 140 செ.மீ.க்குக் கீழே என்றால் அதுவும் ஹை ரிஸ்க். கைச் சுற்றளவு என்பது தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப்பைச் சுற்றிப் பார்ப்பது. 23 செ.மீ.க்குக் குறைந்தால் உடம்பில் சேமிப்பு இல்லை என்று பொருள். எட்டு மாதத்தில் முதன்முதலாக வருகிற பிள்ளைக்கு எடை குழப்பும், கை குழப்பாது. அதனால்தான் அதைச் சொல்கிறேன்.

கூடவே வீட்டில் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் ஒரு பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கர்ப்பத்தில் அது ஏறாது. பிரசவத்துக்கு அப்புறம் தேவைப்படும்.

கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததற்குக் கொடுக்கிற பிக்மி எண்ணும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் பின்னால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: தட்டைப் பாருங்கள்

அந்த உசிலம்பட்டிப் பிள்ளை மத்தியானம் சாப்பிட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எவர்சில்வர் தட்டில் கோபுரமாகச் சோறு. மேலே ஒரு கரண்டிப் புளிக்குழம்பு, குழம்பில் இரண்டு கத்தரிக்காய்த் துண்டு. ஓரத்தில் ஒரு மோர் மிளகாய். அவ்வளவுதான். வயிறு நிறைந்தது, ஏப்பமும் வந்தது. “நல்லாத்தான் சாப்பிடுறா” என்று அம்மா சொன்னது பொய்யில்லை. அதில் பருப்பு இல்லை, முட்டை இல்லை, கீரை இல்லை, மோர்கூட இல்லை. பிள்ளை உடம்பு கட்ட எதுவுமே இல்லாத நிறைவு அது.

நம் நாட்டு ஊட்டச்சத்துக் கணக்கு 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 2500 கலோரி என்கிறது. கர்ப்பத்துக்கு அதற்கு மேல் 350. புரதம் கடைசி மூன்று மாதத்தில் தினமும் 22 கிராம் கூடுதலாக வேண்டும். இந்த எண்களை வைத்துக்கொண்டு யாரும் சமைப்பதில்லை. அதனால் நான் இப்படிச் சொல்வேன்: இப்போது சாப்பிடுகிற எதையும் குறைக்காமல் தினமும் மூன்று சாமான் கூட்டுங்கள். ஒரு முட்டை, ஒரு கைப்பிடி நிலக்கடலை, இரண்டு டம்ளர் பால். கடலை 30 கிராம், பால் 400 மில்லி என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 500 கலோரியும் 26 கிராம் புரதமும் வந்துவிடும். முட்டை சாப்பிடாத வீடு என்றால் அந்த இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டல். ஆனால் மீன், கறி, முட்டை எதுவுமே சேர்க்காத பிள்ளைக்கு பி12 குறைவு வரலாம், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு நாள் எப்படி ஓடலாம் என்று சொல்கிறேன். காலையில் இட்லியோ தோசையோ, சட்னியோடு நிறுத்தாமல் சாம்பாரும் ஒரு அவித்த முட்டையும். பதினோரு மணிக்குக் கேப்பைக்கூழ், மோர் விட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு. கம்மங்கூழ் என்றாலும் நல்லதே. மத்தியானம் சோற்றைக் கொஞ்சம் இறக்கி, கெட்டிப் பருப்பை முழுக் கரண்டியாக ஏற்றி, முருங்கைக்கீரையோ அரைக்கீரையோ ஒரு பொரியல். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மத்தி, நெத்திலி மாதிரிச் சின்ன மீன், முள்ளோடு மென்று தின்கிற அளவுக்கு வெந்தது. நாலு மணிக்குத் தட்டைப்பயறோ கொண்டைக்கடலையோ அவித்தது, அல்லது கடலையும் கருப்பட்டியும். ராத்திரி ஏழரைக்குள் டிபன், படுக்கப் போகையில் பால். பழத்துக்கு ஆப்பிள் தேடி அலைய வேண்டாம். கொய்யா போதும், அதுவே மேல்.

அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவுப் பாக்கெட் இந்தப் பிள்ளைக்கும் உண்டு. கிடைத்ததும் வீட்டில் உள்ள வாண்டுகள் எல்லாம் ஆளுக்கொரு உருண்டை பிடித்துத் தின்றுவிடுகின்றன, அது வேறு விஷயம். அவள் பங்கைத் தனி டப்பாவில் போட்டு வையுங்கள். ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு வருகிறது, அதைக் கடைக்காரருக்கே திருப்பி விற்றுவிடாதீர்கள். ரேஷன் அரிசியில் கொஞ்சம் வேறு நிறத்தில், தண்ணீரில் மிதக்கிற மணிகள் இருக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கிப் போடுகிறார்கள். அது இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்துச் செய்த அரிசி மணி. நூறு மணிக்கு ஒன்றுதான் கலந்திருக்கும். அதைப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சமைப்பதில் என்ன புண்ணியம்?

அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துப் பணமும் நெய், பேரீச்சம்பழம் உள்ள சத்துப் பெட்டகமும் பத்தொன்பது வயதானவர்களுக்குத்தான். சின்ன வயதுக் கல்யாணத்தை ஊக்கப்படுத்தக் கூடாது என்ற காரணம் புரிகிறது. ஆனாலும் அந்த நெய்யும் பேரீச்சையும் அதிகம் தேவைப்படுகிற உடம்புக்குப் போய்ச் சேரவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்தப் பணத்தை நம்பிக் கணக்குப் போட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான்காம் படி: ரத்தம்

ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் கர்ப்பிணிக்கு ரத்தசோகை. 7-க்குக் கீழே என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்க வேண்டிய நிலை. பதின்வயதில் வளர்ச்சிக்கும் மாதவிலக்குக்கும் ஏற்கெனவே இரும்பு செலவாகியிருக்கும். கர்ப்பம் ஆரம்பிக்கும்போதே பெட்டி காலி.

பிள்ளை பச்சரிசியை வாயில் போட்டுக் கடிக்கிறாளா, சிலேட்டுக்குச்சி, சாம்பல், திருநீறு தின்கிறாளா என்று கவனியுங்கள். “மசக்கை ஆசை, தின்னுட்டுப் போகட்டும்” என்பார்கள். பல நேரம் அது இரும்புக் குறைவின் அறிகுறி. திட்டாதீர்கள், ரத்தம் பாருங்கள்.

மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. கறிக்கடையில் சுவரொட்டி கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். ஆட்டு மண்ணீரல். வயசுக்கு வந்த பிள்ளைக்கு ‘ரத்தம் ஊறும்’ என்று அப்பத்தாக்கள் நல்லெண்ணெயில் மிளகு போட்டு வதக்கிக் கொடுத்தது கண்மூடிப் பழக்கமில்லை. 100 கிராம் ஆட்டு மண்ணீரலில் 40 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு இருக்கிறது. ஈரலில் ஏழெட்டு மில்லிகிராம்தான். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், கர்ப்பத்தின் முதல் மாதங்களில் அது குழந்தைக்கு ஆகாது. அதனால் ஈரலை ஒதுக்கிவிட்டு வாரத்துக்கு ஒரு தடவை சுவரொட்டி வாங்குங்கள். ரத்தம் கசியாத அளவுக்கு நன்றாக வேக வேண்டும்.

கீரை, பேரீச்சம்பழம், கம்பு எல்லாம் நல்லவைதான், ஆனால் செடியில் இருந்து வரும் இரும்பை உடம்பு கஞ்சத்தனமாகத்தான் எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் புளிப்பு வேண்டும். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா, தக்காளி. சாப்பிட்டதும் டீ குடித்தால் எடுத்துக்கொள்வதும் கெடும். எங்கள் பக்கம் டீயைப் பிடுங்குவது சோற்றைப் பிடுங்குவதைவிடக் கஷ்டம். அதனால் நிறுத்தச் சொல்வதில்லை, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளி ஒரு நாளைக்கு ஒரு டீ என்று பேரம் பேசி முடிப்பேன்.

எவ்வளவு சாப்பிட்டாலும் மாத்திரை இல்லாமல் இந்தக் கணக்கு நேராகாது. முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம். நான்காம் மாதத்திலிருந்து இரும்பு மாத்திரை தினமும் ஒன்று, குறைந்தது 180 நாள். அதில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். நான்காம் மாதத்துக்கு மேல் பூச்சி மாத்திரை ஒரு தடவை. ஒரு வீட்டில் மூன்று மாதத்து மாத்திரை அட்டைகள் அரிசிப் பானைக்குள் பத்திரமாக இருந்தன. மாமியார் கேட்டால் “போட்டுட்டேன் அத்தை” என்று சொல்லிவிட்டு அங்கே ஒளித்திருக்கிறாள். ஏன் என்று தனியாகக் கேட்டபோதுதான் சொன்னாள்: மலம் கறுப்பாகப் போனதில் பயந்துவிட்டாளாம். வயிற்றுக்குள் ஏதோ அழுகுகிறது என்று நினைத்திருக்கிறாள். கறுப்பாகத்தான் போகும், அதில் ஒன்றுமில்லை என்பதை மாத்திரை கொடுக்கும்போதே யாராவது சொல்லியிருக்கலாம். குமட்டினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் போடலாம். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கொய்யாவும். அப்படியும் எண் ஏறவில்லை என்றால் ஊசி வழியாக இரும்பு ஏற்றுகிறார்கள், டாக்டர் சொன்னால் தயங்க வேண்டாம்.

ஐந்தாம் படி: எலும்பு

வயிற்றில் இருக்கும் குழந்தை மொத்தமாக 30 கிராம் அளவுக்குக் கால்சியம் எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில். தாய்க்கோ தன் எலும்பில் வாழ்நாள் முழுக்கத் தேவையானதைப் போட்டு வைக்கிற வயது. ஒரு டம்ளர் பாலில் 240 மி.கி. வரும். 50 கிராம் கேப்பை மாவுக் கூழில் 175 மி.கி. இரண்டு டீஸ்பூன் எள்ளை இட்லிப் பொடியில் சேர்த்தால் எண்பது நூறு வரும். எள் சூடு, கருவைக் கலைக்கும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பொடியில் தொட்டுக்கொள்கிற அளவு எதையும் கலைக்காது.

ஆஸ்பத்திரியில் கொடுக்கிற கால்சியம் மாத்திரை காலையும் ராத்திரியும் சாப்பாட்டோடு. இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று தடுக்கும், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நான் சொல்லும் ஏற்பாடு: கால்சியம் காலை டிபனுக்கும் ராத்திரி டிபனுக்கும், இரும்பு மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு நெல்லிக்காயோடு. செல்போனில் அலாரம் வைத்துக் கொடுங்கள். போன் பார்க்கிற வயதுதானே.

ஆறாம் படி: வாந்தி மாதங்கள்

இதை நீட்ட ஒன்றுமில்லை. எழுந்ததும் பொரியோ ரஸ்க்கோ கொறிப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம், தாளிக்கிற வாசனைக்கு அந்தப் பக்கம் இருப்பது. சிறுநீர் மஞ்சளாகி, தண்ணீர்கூட நிற்காமல், எடை இறங்கினால் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும். அன்றைக்கே கூட்டிப்போங்கள்.

ஏழாம் படி: எடையை நம்புங்கள், எடையை மட்டும் நம்பாதீர்கள்

ஒல்லியாக ஆரம்பித்த பிள்ளைக்குப் பிரசவத்துக்குள் 12.5 முதல் 18 கிலோ வரையும், சரியான எடையில் ஆரம்பித்தவளுக்கு 11.5 முதல் 16 வரையும் கூடலாம் என்பது உலக அளவில் புழங்கும் கணக்கு. முதல் மூன்று மாதத்தில் ஒன்றிரண்டு கிலோ. அதற்குப் பிறகு மாதத்துக்கு இரண்டு கிலோ அளவில் ஏற வேண்டும். ஒரு மாதத்தில் ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் தட்டையும் மாத்திரையையும் மறுபடி பாருங்கள்.

ஆனால் கேம்டன் கதையை மறக்க வேண்டாம். எடை ஏறுவது குழந்தைக்கா, அவளுக்கா? தராசு அதைச் சொல்லாது. அதற்கு நர்ஸம்மா வயிற்றில் டேப் வைத்து அளக்கிற அளவு இருக்கிறது. 24 வாரத்துக்கு மேல், வாரக் கணக்கும் சென்டிமீட்டர் கணக்கும் ஏறத்தாழ ஒன்றாக வரும். முப்பது வாரம் என்றால் முப்பது செ.மீ., இரண்டு கூடக் குறைய. எடை நன்றாக ஏறி வயிறு மட்டும் பின்தங்கினால் ஸ்கேன் பார்க்கச் சொல்வார்கள். ‘நல்லாத்தானே சதை போட்டிருக்கா’ என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி, முகமும் விரல்களும் உப்பி, வளையல் இறுகி, தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழியில் வலி வந்தால் அது சாப்பிட்ட எடையில்லை. ரத்த அழுத்தம். வலிப்பு வரை போகும், பதின்வயதில் அந்த ஆபத்து அதிகம். 108-ஐக் கூப்பிடுங்கள். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் ராத்திரி என்று பார்க்காமல் போய்விடுங்கள்.

எட்டாம் படி: வீட்டில் பேசித் தீர்க்க வேண்டியவை

“கம்மியாச் சாப்பிடு, புள்ள பெருசாயிட்டா ஆபரேஷன்தான்.” சின்ன இடுப்பைப் பார்த்துச் சொல்கிற இந்தப் பேச்சில் அக்கறை இருக்கிறது, பலன் இல்லை. பட்டினி போட்டால் குழந்தையின் தலை பெரிதாகக் குறையாது, சதையும் ரத்தமும்தான் குறையும். இரண்டரை கிலோவுக்குக் கீழே பிறந்தால் கண்ணாடிப் பெட்டி, காய்ச்சல், பால் குடிக்கத் திணறல் என்று அந்தக் கஷ்டம் தனி. இடுப்பு போதுமா என்று கடைசி மாதத்தில் டாக்டர் பார்த்துச் சொல்வார்.

பப்பாளிக்காயை ஒதுக்குவதில் எனக்குச் சண்டை இல்லை. அதில் பால் இருக்கிறது. நன்கு பழுத்தது பயமில்லை, ஆனாலும் கொய்யா இருக்கையில் அதற்காக மாமியாரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். முட்டை, மீன், கீரை ஆகியவற்றைத் தடுத்தால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள் என்பது பெரிய விஷயம். ஆம்பளைகள், பிள்ளைகள் எல்லாம் முடித்த பிறகு சட்டியில் மிஞ்சுவது குழம்புத் தண்ணிதான். புது மருமகள் கேட்டு வாங்கிச் சாப்பிட மாட்டாள், அதிலும் பதினேழு வயது. நான் மாமியார்களிடம் சொல்வது: உங்கள் மகனுக்குப் போடும்போதே அவளுக்கும் ஒரு தட்டுப் போட்டு மூடி வைத்துவிடுங்கள், அத்தை. இப்படிச் சொன்னால் கேட்கிறார்கள்.

பூ எடுக்கப் போகிற பிள்ளைகள் விடிவதற்கு முன் வெறும் வயிற்றில் தோட்டத்துக்குப் போய் ஒன்பது மணி வரை குனிந்து நிற்கிறார்கள். விடச் சொன்னால் கூலி போகும். முடிந்தால் விடுங்கள். முடியாத மாதங்களில் பொட்டுக்கடலை வெல்ல உருண்டை இரண்டை மடியில் கட்டிக் கொடுங்கள், தண்ணீர் பாட்டிலும். ஏழாம் மாதத்துக்குப் பிறகு வேண்டாம்.

ஒன்பதாம் படி: பெற்ற பிறகு

இங்கேதான் எல்லோரும் கைவிடுகிறார்கள். குழந்தை வந்ததும் வீட்டுக் கண் முழுக்கத் தொட்டிலில். தாய்க்குப் பத்தியம்: பூண்டுக் குழம்பு, ரசம் சோறு, தண்ணீர்கூட அளந்து. ஆனால் பால் கொடுக்கிற முதல் ஆறு மாதம், கர்ப்பத்தைவிட அதிகம் சாப்பிட வேண்டும், நாளைக்கு 600 கலோரி கூடுதல். பூண்டு தாராளமாக இருக்கட்டும், கூடவே முட்டையும் பருப்பும் பாலும் தொடரட்டும். பால் ஊறுவதற்குச் சுறாப்புட்டு கொடுப்பது நம் பக்கம் பெரிய பழக்கம். சுறா மாதிரிப் பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும். மத்தியிலோ நெத்திலியிலோ புட்டுப் போட்டாலும் ருசி வரும், பாலும் ஊறும். இரும்பு மாத்திரை இன்னும் 180 நாள், கால்சியமும்.

அடுத்தது குறைந்தது இரண்டு வருஷம் தள்ளிப்போக வேண்டும். நின்றுபோன வளர்ச்சிக்குக் கொஞ்சமாவது ஈடு கட்ட அந்த உடம்புக்குக் கிடைக்கிற ஒரே காலம் அதுதான். பிரசவத்தோடேயே காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம், வேறு வழிகளும் இருக்கின்றன. அதை அவளிடமே தனியாகக் கேட்கச் சொல்லி நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். கூட்டத்தில் கேட்டால் தலையைத்தான் ஆட்டுவாள்.

ஆறு வாரம் கழித்துக் கதவு நிலையில் மறுபடி நிறுத்துங்கள். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எடையோடும் கைச் சுற்றளவோடும். உசிலம்பட்டிப் பிள்ளையைக் குழந்தைக்கு ஏழு மாதம் இருக்கும்போது நிறுத்திப் பார்த்தோம். பழைய கோட்டில்தான் நின்றாள், ஒரு நூல்கூட ஏறவில்லை. எடை கர்ப்பத்துக்கு முன் இருந்ததைவிட ஒன்றரை கிலோ குறைவு. அந்த அம்மா கோட்டையும் பிள்ளையையும் மாறிமாறிப் பார்த்தார். அன்று மத்தியானம் தட்டில் இரண்டு முட்டை இருந்தது.